பாதாளத்தில் மட்டும் பேச்சுவார்த்தை

என் புருஷனும் என் அண்ணனும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொத்துத் தகராறு என்றால் ஊர் நம்பும். கைகலப்பு என்றால் இன்னும் ஆவலாக நம்பும். 'ஏலே' என்று கூப்பிட்டதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அண்ணன் மருதப்பனுக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடை. என் புருஷன் காசிராஜன் அவர் அப்பாவோடு சேர்ந்து பவர்லூம் நடத்துகிறவர். அவரை எனக்குப் பார்த்துக் கொண்டுவந்ததே அண்ணன்தான். "எனக்குச் சேக்காளி, தங்கமான பய, கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்கோ" என்றான். தாலி கட்டியதும் தங்கமான பய மாப்பிள்ளை ஆகிவிட்டார். எங்கள் பக்கத்தில் தங்கை புருஷன் வீட்டுக்கு வந்தால் அண்ணன்காரன் எழுந்து நிற்க வேண்டும், சொம்பில் தண்ணீர் நீட்ட வேண்டும், வாய்க்கு வாய் வாங்க மாப்பிள்ளை, இருங்க மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும். அண்ணனும் நாலு பேர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படிச் சொல்லிவந்தான். தனியாக இருக்கும்போது ஏலே காசிதான்.

என் மகள் இசக்கி பிறந்த புதிதில் என் மாமனார் ஆறுமுகச்சாமி தன் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். பந்தி நடக்கிறது. அண்ணன் கையில் வாளியோடு வந்தவன், பழக்க தோஷத்தில், "ஏலே காசி, எலைய மூடிராத, இன்னும் பாயாசம் வருது" என்று சொல்லிவிட்டான். மாமனார் சாப்பாட்டுக் கையோடு மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர், "மச்சான், மரியாதையாப் பேசுங்க, நாலு பேரு இருக்காவல்லா" என்றார்.

அண்ணன் வாளியைக் கீழே வைத்தான். "சரிங்க மாப்பிள்ளை" என்றான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆம்பிளைகள் இருவர் முறைத்துக்கொண்டு திரிந்தால் எனக்கு என்ன வந்தது என்று இருந்திருப்பேன். ஆனால் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவோம், அதுவும் ஒற்றைப்படை வயதில். முதல் வயதில் இவர்கள் முறைப்பிலேயே தட்டிப்போயிற்று. மூன்றாம் வயதும் ஆனியோடு முடியப்போகிறது. மாமனார் வைகாசி மாதத்துக்கு நாள் குறித்துவிட்டு, "ஒன் சித்தப்பா மவன் துரைப்பாண்டி இருக்காம்லா, அவன் மடியில வச்சுக் குத்திருவோம், அவனும் மாமன்தான" என்றார்.

துரைப்பாண்டி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவன் கூப்பிடு தூரத்தில் உயிரோடு இருக்கும்போது என் பிள்ளை இன்னொருத்தன் மடியில் உட்கார்ந்து அழுவதை என்னால் நினைக்க முடியவில்லை. எங்கள் ஊர் அம்மனே ஒற்றைக்காலில் நின்று தவமிருந்து காரியம் சாதித்தவள். நானும் நின்றேன். இவரிடம் போய்க் கூப்பிடுங்கள் என்றால், "அவன் வந்து பேசட்டும்" என்பார். அண்ணனிடம் போனால், "முறையாத் தட்டு வச்சுக் கூப்பிடட்டும், யோசிக்கேன்" என்பான். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது.

அந்தச் சித்திரையில் சலாவுதீன் லீவில் வந்தார்.

சலாவுதீன் கடையநல்லூர்க்காரர். அவருடைய அண்ணனுக்கு எங்கள் ஊரில் நூல் கடை. பள்ளிக்கூடம் படிக்கும்போது அங்கே தங்கி இவர்கள் இருவரோடும் சுற்றியவர். பிறகு ஷார்ஜாவுக்குப் போய் ஓர் இங்கிலீஷ் இன்ஜினியர் வீட்டில் சமையல்காரராக இருந்தார். வீட்டிலிருந்து போகிற கடிதங்களில் யார் யாரோடு பேசவில்லை என்பதை எல்லாம் யாரும் எழுதுவதில்லை. அதனால் அவர் ஒன்றும் தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூல் கடை மாடியில் பிரியாணி என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுவிட்டார்.

நாங்கள் பிள்ளையோடு மாடி ஏறினால் அண்ணன் பாயில் உட்கார்ந்து இலைக்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறான். அண்ணி பிரசவத்துக்கு மேலநீலிதநல்லூருக்குப் போயிருந்ததால் தனியாகத்தான் வந்திருந்தான். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போகவும் முடியாது. மூன்று வருஷம் கழித்து வந்த சேக்காளி, தன் கையாலேயே சமைத்திருக்கிறார். எழுந்து போனால் சலாவுதீனை அவமதித்தது ஆகும். இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சலாவுதீன் ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மூடியில் ஓர் இருட்டுக் கோட்டை, கதவிடுக்கில் சிவப்பாக இரண்டு கண். அவருடைய துரை வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் இதைத்தான் விளையாடுவார்களாம். ஆள் குறைகிறது என்று சமையல்காரரையும் உட்காரவைத்ததில், அவரும் அதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். துரை குடும்பம் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது, பழசாகிவிட்டது என்று பெட்டியைச் சலாவுதீனிடமே கொடுத்துவிட்டது.

"ஏணியும் பாம்புமா?" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் சின்னப் பிள்ளைய விளையாட்டு மாப்ள. இது வேற. கோட்டைக்கு அடியில பாதாளம் இருக்கு. உள்ள பூதம், எலும்புக்கூடு, பொறி எல்லாம் கெடக்கு. கடைசி அறையில கிரீடம். உள்ள போயி எடுத்துட்டு உயிரோட வெளிய வரணும்."

பெட்டிக்குள் விரல் உயரத்துக்கு ஈய பொம்மைகள் இருந்தன. வாளோடு ஒருத்தன், விளக்கும் தாடியுமாக ஒரு மந்திரவாதி, முக்காடு போட்ட ஒரு திருடி. பகடைகளில் ஒன்று எட்டு முகம், ஒன்று இருபது முகம். இருபது முகத்துப் பகடை நெல்லிக்காய் மாதிரி உருண்டது. முதலில் பலகையில் ஒன்றும் இருக்காது. ஒரு கதவைத் திறந்தால்தான் அடுத்த அறையின் அட்டையைச் சலாவுதீன் எடுத்து வைப்பார். அவர் ஒரு தடுப்பு அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். உள்ளே எங்கே எது இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். உயிரைக் கணக்கு வைக்கிற வில்லைகள் பாதி தொலைந்துபோயிருந்ததால் சலாவுதீனின் அண்ணியிடம் புளியங்கொட்டை வாங்கிக்கொண்டோம்.

"கொறஞ்சது மூணு பேரு வேணும்" என்றார் சலாவுதீன். "வள்ளித்தாய், நீயும் உக்காரும்மா."

பிள்ளையை அவர் அண்ணி வாங்கிக்கொண்டாள். நான் திருடியை எடுத்துக்கொண்டேன். பூட்டைத் திறப்பது, பொறியைக் கண்டுபிடிப்பது என் வேலை. சொன்னால் வெட்கம், அந்த வேலை எனக்கு நன்றாகவே வந்தது. இவர் வாள்வீரன். அண்ணன் மந்திரவாதி. விளக்கு மந்திரவாதியிடம்தான் இருக்கிறது, வாள் வாள்வீரனிடம்தான் இருக்கிறது. இந்தப் பெட்டியைச் செய்தவன் யாரோ, பேசாத இரண்டு பேரை உள்ளே அனுப்ப முடியாதபடி செய்துவைத்திருந்தான்.

முதல் ஞாயிறு முழுக்க என் பாடு திண்டாட்டம்.

"வள்ளி, எடப்பக்கக் கதவு வேண்டாம்னு சொல்லு" என்பார் இவர். எதிரே முழங்கை தூரத்தில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர் என்பதால் தெருமுனைக்கே கேட்கும். நான் திரும்பி, "எடப்பக்கக் கதவு வேண்டாமாம்" என்பேன்.

"ஏன் வேண்டாமாம்னு கேளு."

"ஏன் வேண்டாமாம்?"

"ரத்தக் கறை கெடக்குன்னு சலாவுதீன் சொன்னாம்லா, காதுல விழலயான்னு கேளு."

"காதுல விழலயாங்காவ."

இப்படிப் பேசி முடிப்பதற்குள் எலும்புக்கூடு வந்து என் திருடியை இரண்டு வெட்டு வெட்டிவிட்டது. என் புளியங்கொட்டைகள் போயின. எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு பேருக்கும் தூது போயித்தான் நான் சாவணும்னு இருக்கு" என்று பொம்மையைப் படுக்கவைத்தேன்.

சலாவுதீன் தடுப்புக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "இங்க பாருங்கப்பா, தொர வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. உள்ள போயிட்டா நாம நாமளா இருக்கக் கூடாது. வாள்வீரன் வாள்வீரனாப் பேசணும், மந்திரவாதி மந்திரவாதியாப் பேசணும். அவனுவளுக்குள்ள ஒரு சண்டையும் கெடையாதுல்லா" என்றார்.

அண்ணன் தாடிப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடை நாடகத்தில் வருகிற ராஜகுரு குரலில், "வாள்வீரரே, அக்கதவின் பின்னே மூச்சுச் சத்தம் கேட்கிறது. எச்சரிக்கையாக இரும்" என்றான்.

இவர் என்னைப் பார்த்தார். சலாவுதீனைப் பார்த்தார். பிறகு தன் பொம்மையிடம் சொல்வது போல, "நன்றி மந்திரவாதியாரே. விளக்கைச் சற்றே உயர்த்தும்" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. தறி ஓடாத நாள், உரக்கடையும் மத்தியானத்தோடு மூடிவிடும். மாடியில் இருவரும் வாரும், போம் என்று பேசித் தள்ளினார்கள். வாள்வீரருக்கு அடிபட்டால் மந்திரவாதியார் தன் புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தார். மந்திரவாதியார் குழியில் விழுந்தால் வாள்வீரர் கயிறு போட்டார். பூதத்தை ஏமாற்றித் தப்பி வந்த அன்று இருவரும் ஒரே நேரத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். படி இறங்கினதும் ஒருத்தர் சைக்கிள் கிழக்கே போகும், ஒருத்தர் சைக்கிள் மேற்கே போகும். நடுரோட்டில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "நேத்து அத்தனை பேசினீங்களே" என்று இவரிடம் கேட்டேன். "அது மந்திரவாதிகிட்டல்லா பேசினேன்" என்றார். பெற்ற தாயாக இருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். பெண்டாட்டி என்பதால் சாம்பாரில் உப்பைக் கூட்டினேன்.

ஒரு ஞாயிறு நாங்கள் திறந்த அறையில் பெரிய பாம்பு ஒன்று படமெடுத்து நின்றது. துரை வீட்டில் அதைப் பார்த்ததும் வெட்டுவார்களாம். இவர் வாளைக் கீழே வைத்துவிட்டார். நாகர் குடியிருக்கிற எங்கள் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவர்கள் நாங்கள்.

"பாம்ப அடிக்க மாட்டோம் வே" என்றார் இவர், வாள்வீரர் பாஷையையும் மறந்து.

"அப்பிடின்னா அது ஒங்களக் கடிக்கும்" என்றார் சலாவுதீன்.

"பால் வைக்கலாமா?" என்று அண்ணன் கேட்டான்.

சலாவுதீன் திகைத்துப் போனார். அவருடைய துரை இதற்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கடைசியில், பகடையில் பத்துக்கு மேல் விழுந்தால் பாம்பு பால் குடிக்கும் என்று வைத்துக்கொண்டோம். பதினாலு விழுந்தது. மூன்று பேரும் கும்பிட்டுக்கொண்டு அதைத் தாண்டிப் போனோம்.

அன்றுதான் எனக்கு ஒன்று பொறுக்கவில்லை. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த இசக்கி ஓடி வந்து, பலகையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் கை தன்னால் அவளைத் தூக்குவதற்கு எழுந்தது. பாதியில் நின்றது. எதிரே பிள்ளையின் அப்பா இருக்கிறார், அவர் வாயால் ஒரு வார்த்தை இல்லாமல் எப்படித் தொடுவது என்று நினைத்தானோ என்னவோ. பொம்மையை மட்டும் வாங்கிப் பலகையில் வைத்துவிட்டு, "மந்திரவாதியின் முறை" என்றான். இவரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பகடையைத் தேடுவது போல் குனிந்துகொண்டார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசலாம் போல இருந்தது. காது குத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. துரைப்பாண்டிக்கு வேட்டி எடுத்தாயிற்று என்று மாமனார் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். சலாவுதீனின் லீவு முடிகிறது.

கிரீடம் இருந்த அறைக்கு வந்துவிட்டோம். எடுத்ததும் பாதாளமே இடிந்து விழத் தொடங்கும் என்பது ஏற்பாடு. மந்திரவாதி கிரீடத்தை எடுத்தான். கூரை இடிந்தது, பெரிய கல் ஒன்று வாள்வீரனின் காலில் விழுந்து அவனை அங்கேயே பிடித்துக்கொண்டது. பூதம் வேறு பின்னால் வருகிறது. என்னிடம் ஒரு கருவியும் மிச்சமில்லை, நானும் வாள்வீரனோடு கல்லுக்கு உள்பக்கம்தான் மாட்டிக்கொண்டேன். மந்திரவாதியிடம் ஒரே ஒரு மந்திர அட்டை. அதை வைத்துக் கல்லைத் தூக்கலாம். இல்லாவிட்டால் படிக்கட்டின் இரும்புக் கதவைத் திறந்து, கிரீடத்தோடு தான் மட்டும் வெளியே போகலாம்.

இவருக்குச் சந்தேகமே இல்லை. "மந்திரவாதியாரே, கல்லைத் தூக்கும், சேர்ந்து போவோம்" என்று பகடையை அண்ணன் பக்கம் உருட்டிவிட்டார்.

அண்ணன் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வாள்வீரர் பெரியவர். மரியாதைக்கு உரியவர். அவர் காலைத் தொட்டுத் தூக்க இந்த ஏழை மந்திரவாதிக்கு என்ன தகுதி இருக்கிறது" என்றான். அட்டையை இரும்புக் கதவின் மேல் வைத்தான். தாடிப் பொம்மையை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்தான்.

"ஏலே மருது" என்று கத்தினார் இவர். கீழே நூல் கடையில் யாரோ சாமானைப் போட்டுவிட்ட சத்தம் கேட்டது. "என்ன அங்கன விட்டுட்டு நீ மட்டும் போறியால? நான் ஒனக்கு எத்தன தடவ கயிறு போட்டேன். மனுசனால நீ?"

"இப்ப ஏலேங்க. அன்னைக்குப் பந்தியில நான் சொன்னா மட்டும் ஒனக்குக் கசந்துச்சோ?" அண்ணனும் எழுந்துவிட்டான்.

சலாவுதீன் பதறிப்போய்த் தடுப்பைத் தள்ளிவிட்டு நடுவில் வரப் பார்த்தார். நான் அவருடைய சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். "விடுங்கண்ணே, பேசட்டும்" என்றேன். சண்டை போடுவதற்காவது இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"எங்கப்பா பாத்துட்டு இருந்தாவல. நான் என்ன செய்ய? பங்காளிய பூரா உக்காந்திருக்காவ."

"எங்கப்பாவும்தான் அங்கன நின்னாவ. நம்ம ரெண்டு பேரும் கொளத்துல அம்மணமாக் குதிச்சதுல இருந்து ஒன்ன நான் வேற எப்பிடில கூப்புட்டுருக்கேன்? மரியாத வேணும்னு கேட்ட. குடுத்தேன். மரியாத குடுக்கணும்னா தள்ளித்தாம்ல நிக்கணும். தள்ளி நின்னா அதுவும் ஒனக்குப் பொறுக்கல. தங்கச்சியக் குடுத்ததுக்கு நான் ஒரு சேக்காளியத் தொலைக்கணும்னு எவன்ல சொன்னான்?"

இவர் பாயில் உட்கார்ந்துவிட்டார். தறிச் சத்தத்துக்கு மேல் கத்துகிற மனுஷனின் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"தறி ஷெட்டுக்குப் போனா மொதலாளிங்கானுவ. ஒங்க வீட்டுக்கு வந்தா மாப்பிள்ளங்காவ. இவ வாங்க போங்கங்கா. ரெண்டு வருசமா என்ன ஏலேன்னு கூப்புட இந்த ஊர்ல ஒருத்தன் கெடையாதுல."

என் கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். ஊமைக்கோட்டான் மாதிரி இத்தனை நாளும் இதை உள்ளே வைத்துக்கொண்டு என் சாம்பாரைச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அவரைத் திட்டுவதா, தலையைத் தடவுவதா என்று தெரியவில்லை.

அண்ணன் குனிந்து, பலகைக்கு வெளியே வைத்த தாடிப் பொம்மையை எடுத்தான். "சலாவுதீன், வெளிய போனவன் திரும்ப உள்ள வரலாமா?"

"வரக் கூடாது மாப்ள. படியேறிட்டா ஆட்டம் முடிஞ்சுது. நீதான் ஜெயிச்சே. தொர வீட்டுல அதான் சட்டம்."

"ஒங்க தொரைக்கு மச்சினன் கெடையாது போல" என்றான் அண்ணன். பொம்மையைக் கொண்டுபோய் வாள்வீரனுக்குப் பக்கத்தில், கல்லை ஒட்டி வைத்தான்.

கையில் மந்திரம் இல்லை. மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் கல் நகரவில்லை. பகடையில் மூன்று தடவையும் சின்ன எண்ணாகவே விழுந்தது. பூதம் வந்து முதலில் என்னைத் தின்றது, அப்புறம் அவர்களை. சலாவுதீன் ஒவ்வொரு புளியங்கொட்டையாக எடுத்து டப்பாவில் போடும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. மூன்று பேரும் செத்துவிட்டோம் என்றார். அண்ணனும் இவரும் தோளோடு தோள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் இவர் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து என்னைக் கிளம்பச் சொன்னார். "துரைப்பாண்டிகிட்ட சொல்லியாச்சுல்லா" என்றார் மாமனார். "துரைப்பாண்டி சாப்புட வரட்டும்பா. மடிக்கு மருதப்பனக் கூப்புடப் போறேன்" என்று சொல்லிவிட்டு இவர் செருப்பை மாட்டினார். தறி ஓடுகிற சத்தத்தில் மாமனார் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினோம். எதிர் வீட்டுக்காரி கோலத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கதவைத் திறந்ததும் தட்டைப் பார்த்தான், அவளையும் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்றான்.

"இன்னொரு தடவ வாங்கன்னு சொன்ன, தட்டோட திரும்பிருவேன்" என்றார் இவர்.

"ஏல, எதுத்த வீட்டுல பாக்காவ" என்றான் அண்ணன் மெதுவாக.

"பாக்கட்டும்."

அண்ணன் அங்கேயே வாசற்படியில் நின்று தட்டை வாங்கிக்கொண்டான். சலாவுதீன் அன்று சாயங்காலம் பம்பாய்க்கு ரயில் ஏறினார். இவர்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

காது குத்து சங்கரநாராயணர் கோயில் மண்டபத்தில் நடந்தது. மாமனார், பங்காளிகள், துரைப்பாண்டி எல்லாரும் வந்திருந்தார்கள். மனைப்பலகை போட்டாயிற்று, ஆசாரி தங்கக் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டுப் பாவாடை வைத்துக் கொண்டுவந்த தட்டைப் பக்கத்தில் வைத்தான். இவர் தூண் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே காசி, பிள்ளைய இங்கன கொண்டால. நேரம் ஆகுதுல்லா."

மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது. மாமனாரின் முகம் அப்படியே மாறிவிட்டது. அன்றைக்குப் பந்தியில் பார்த்த அதே பார்வையோடு மகனைத் திரும்பிப் பார்த்தார். பங்காளிகளும் திரும்பினார்கள். இன்னொரு தடவை இந்த மனுஷன் அப்பாவுக்குப் பயந்தால், என் பிள்ளை அந்த மடியில் இனி எப்போதும் உட்காரப்போவதில்லை.

"எப்பா, அவன் என்ன அப்பிடித்தான் கூப்புடுவான்" என்றார் இவர். "நாந்தான் கூப்புடச் சொல்லிருக்கேன். எனக்கு அதுதான் வேணும்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ளையக் கொண்டு போ. ஆசாரி காத்துட்டு இருக்காருல்லா" என்றார்.

இவர் இசக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணனிடம் நீட்டினார். மூன்று வயது முடியப்போகிற பிள்ளை, ஓடுவாள், படி ஏறுவாள், தெருவில் ஆட்டுக்குட்டியை விரட்டுவாள். அண்ணன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். வாங்கும்போது ஒரு கையை விரித்து அவள் பின்கழுத்துக்குக் கீழே கொடுத்து, பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி தலையைத் தாங்கிக்கொண்டான். அவன் கடைசியாக அவளைத் தூக்கியபோது அவளுக்குத் தலை நின்றிருக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. இவர் அவனுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஏலே, அவளுக்குத் தலை நின்னுட்டுல" என்றார்.

"தெரியும்ல" என்றான் அண்ணன். கையை மட்டும் எடுக்கவில்லை.